உழவர் கை வளர்த்த பசுமை: தாதர் சந்தை தரும் ஒரு பாடம்

மும்பை மாநகரில் மேற்கு இருப்புப் பாதையும் மத்திய இருப்புப் பாதையும் சந்திக்கும் இடம் தாதர். அந்நிலையத்தின் மேற்குப் புறத்தில், பொழுது புலருமுன்னரே பூச்சந்தை கூடிவிடுகிறது. வசாய், பால்கர், கர்ஜத், கசாரா முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து முதல் வண்டிகளில் வரும் உழவர்களும் பழங்குடிப் பெண்களும் தங்கள் கூடைகளை இங்கே இறக்குகின்றனர். மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினரும் பூசைக்கு வேண்டிய பூவையும் இலையையும் தேடி இச்சந்தைக்கு வருவதுண்டு.

இச்சந்தை பருவத்துக்கு ஏற்ப முகம் மாறுவது. தசராப் பண்டிகையின்போது செண்டுப்பூ, மாவிலை, முற்றிய நெற்கதிர் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய தோரணங்கள் குவிகின்றன. மராத்தியர் பொன்னாகக் கருதி ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் ஆத்தி இலைகள் கட்டுக்கட்டாக வருகின்றன. மழைக்காலத்திலோ, பழுபாகற்காய், தகரைக் கீரை, பண்ணைக்கீரை, ஷேவளா எனப்படும் காட்டுச் சேனைத் தண்டு ஆகியவை விற்பனைக்கு வருகின்றன. இவற்றை நகர மக்கள் 'காட்டுக் காய்கறிகள்' என்று அழைக்கின்றனர்.

இப்பெயர் பாதி உண்மையே. பண்ணைக்கீரை அடர்ந்த காட்டில் வளர்வதில்லை. கலப்பை சென்ற மானாவாரி நிலத்திலும், அதன் ஓரத்திலும் களையாக முளைப்பது அது. தகரை, தரிசிலும் பாதையோரத்திலும் மேய்ச்சல் வெளியிலும் செழிப்பது. பழுபாகல் கொடி வேலியையும் புதரையும் பற்றிப் படர்வது. அதாவது, மனிதன் உழுத இடம், வெட்டிய இடம், மேய்த்த இடம், வேலியிட்ட இடம் ஆகியவையே இவற்றுள் பலவற்றின் உறைவிடம். உழவு நின்றால் இவையும் நாளடைவில் மறையும். தாதர்க் கூடையில் இருக்கும் ஒரு பிடிக் கீரை, நிலத்தின் இயற்கையைப் பற்றிச் சொல்வதைப் போலவே நிலத்தில் நடைபெறும் தொழிலைப் பற்றியும் சொல்கிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்வது மாணவர்க்கும், நிலம், வனம், வேளாண்மை ஆகிய துறைகளில் முடிவெடுக்கும் அலுவலர்க்கும் பெரிதும் பயன்படும்.

பண்பாட்டு நிலத்தோற்றம்

மனிதத் தொழிலும் இயற்கையும் நீண்டகாலம் இணைந்து உருவாக்கிய நிலப்பரப்பைப் 'பண்பாட்டு நிலத்தோற்றம்' என்று அறிஞர் குறிப்பிடுகின்றனர். ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலக மரபுரிமைக் குழு 1992ஆம் ஆண்டில் இதனைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. சொல் புதிது, கருத்து தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பகுக்கும்போது, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் மரத்தையும் பறவையையும் கூறும் வரிசையிலேயே மக்களின் உணவையும் தொழிலையும் வைத்து எண்ணுகிறது. தாவரத்தையும் தொழிலையும் பிரித்துப் பார்க்காத நோக்கு அது.

தாவரவியலில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. வெட்டுதல், மேய்த்தல், எரித்தல், உழுதல், நீர் தேக்குதல் ஆகிய ஒவ்வொரு செயலும் சில செடிகளுக்கு இடையூறாகவும் வேறு சிலவற்றுக்கு வாய்ப்பாகவும் அமைகிறது. ஒரு செயல் ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், அதனைத் தாங்கும் தாவரங்களே அந்நிலத்தில் நிலைக்கும். அச்செயல் நின்றால் நிலம் அப்படியே இருந்துவிடுவதில்லை. வேறொரு தாவரக் கூட்டம் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தாதரின் பழைய பசுமை

இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கும் தாதர், ஒரு காலத்தில் மாஹிம் தீவின் தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த பகுதியாக இருந்தது. மேட்டு நிலத்தில் தென்னையும் பனையும், தாழ்ந்த நிலத்தில் நெல்லும், கடற்கழியோரத்தில் உப்பளமும் அலையாத்திச் செடியும் என நிலம் அடுக்கடுக்காகப் பயன்பட்டது. மும்பையின் பழைய இடப்பெயர்கள் பல மரங்களிலிருந்து தோன்றியவை என்பர். தார்தேவ் என்பது பனையையும், சிஞ்ச்போக்ளி என்பது புளியையும், பணஸ்வாடி என்பது பலாவையும், வடாலா என்பது ஆலையும் நினைவூட்டுகின்றன.

இத்தோப்புகள் தாமாக வளர்ந்த காடுகள் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர், தென்னையின் வேரில் மீனை உரமாக இடும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, தீவின் கேடான காற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதினார். நோயைப் பற்றிய அவரது கருத்து இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அக்குறிப்பு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கோலி மீனவரின் வலையில் விழுந்த மீன், தோப்புக்காரரின் தென்னையை வளர்த்தது. பண்டாரி சமூகத்தார் பனையிலும் தென்னையிலும் ஏறிக் கள் இறக்கினர். ஏறுவதற்கு ஆள் இருந்தவரையில் மரம் வருவாய் தந்தது. வருவாய் தந்தவரையில் மரம் நின்றது.

1896இல் தோன்றிய கொள்ளைநோயைத் தொடர்ந்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. நெரிசலான நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை அது வகுத்தது. இன்று மாட்டுங்காவில் நிழல் தரும் சாலை மரங்களும் பூங்காக்களும் அத்திட்டத்தின் வழியே உருவானவை. பழைய தோப்பின் பசுமையும் புதிய சாலையின் பசுமையும் மனிதன் உண்டாக்கியவையே. ஆயினும் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. தோப்பைப் பேணியது ஒரு தொழில். சாலை மரத்தைப் பேணுவது நகராட்சியின் வரவு செலவுத் திட்டம்.

ராப்: சரிவிலிருந்து வயலுக்கு

தாதரிலிருந்து மறைந்த நிலப்பயன்பாடு, நகருக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தாணே, பால்கர், ராய்கட் மாவட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. சில பகுதிகளில் இன்றும் நீடிக்கிறது. அதன் மையமாக விளங்குவது 'ராப்' எனப்படும் நாற்றங்கால் முறை.

கொங்கண் பகுதியில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. மழை தொடங்கியதும் நாற்று விரைந்து எழவேண்டும். களை முந்திக்கொண்டால் பயிர் தப்பாது. இக்காரணத்தால் உழவர் கோடையிலேயே நாற்றங்காலை ஆயத்தம் செய்கின்றனர். தரையில் சாணத்தைப் பரப்பி, அதன்மேல் வெட்டிக் காயவைத்த இலைக் கிளைகளையும் புல்லையும் சருகையும் அடுக்கி, மேலே மெல்லிய மண்ணைத் தூவி, காற்றின் திசைக்கு எதிராகத் தீ மெல்லப் புகைந்து செல்லுமாறு எரிக்கின்றனர். முதல் மழை பெய்தவுடன் அந்தச் சாம்பல் நிலத்தில் விதைக்கின்றனர்.

அறியாமையால் தழையை வீணாக எரிப்பதாகச் சிலர் இம்முறையைப் பழித்ததுண்டு. புனே வேளாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த ஹரால்டு மான் தம் உடனுழைப்பாளர்களுடன் இதனை ஆராய்ந்து 1912இல் ஆய்வறிக்கை வெளியிட்டார். எரிப்பதால் களை விதைகள் அழிகின்றன, மேல்மண் பொலபொலப்பாகிறது, சாம்பல் வழியாகச் சாம்பற்சத்து கிடைக்கிறது, மண் சூடேறும்போது அதில் அடங்கியுள்ள சத்துகள் பயிர் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. வயல் முழுவதற்கும் இட எரு இல்லாத உழவர், கிடைக்கும் சிறிதளவு எருவையும் தழையையும் நாற்றங்காலில் குவித்து, வலுவான நாற்றைப் பெற்றனர்.

நாற்றங்கால் சிறியது, அதற்குத் தழை தரும் நிலம் பெரியது. இதனால் ஊரின் நிலம் முழுவதும் ஓர் ஒழுங்கில் அமைந்தது. பள்ளத்தில் நெல்வயல், வயல் வரப்பில் கிளை கழிக்கப்படும் மரங்கள், அதற்கு மேலே 'வர்கஸ்' எனப்படும் சரிவு நிலம். வர்கஸ் நிலத்தில் சில ஆண்டுகள் கேழ்வரகும் சாமையும் விளையும். பின்னர் அது புல்லுக்கும் தழைக்கும் விடப்படும். சரிவில் விளைந்த புல், மும்பை நகரின் எருமைத் தொழுவங்களுக்கும் விலைக்குச் சென்றது. சரிவின் சத்து, தழையாகவும் சாணமாகவும் ஆண்டுதோறும் பள்ளத்து வயலை வந்தடைந்தது.

கிளை கழித்தலும் மரத்தின் வடிவமும்

ராப் முறைக்கு உழவர் பெரிதும் நாடிய மரம், மராத்தியில் 'ஐன்' என வழங்கும் கருமருது. வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்க்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. ஆண்டுக்காண்டு கிளை கழிக்கப்பட்ட மரம், நெடுந்தூண் போன்ற அடிமரமும் ஆங்காங்கே குஞ்சம் போன்ற தளிர்க் கொத்தும் கொண்டு நிற்கும். கொங்கண் இருப்புப் பாதையோரம் இத்தகைய மரங்களைக் காண்போர் அவற்றைச் சிதைந்த காடு என்று எண்ணக்கூடும். உண்மையில் அவை உழவரின் எருக்கிடங்கு.

இம்முறையின் விளைவுகள் இருவகைப்பட்டவை. கிளை கழிப்பதால் தரைக்கு ஒளி கிடைக்கிறது. புல்லும், மழைக்காலத்தில் முளைக்கும் கிழங்குச் செடிகளும் கீரைகளும் அவ்வொளியில் வளர்கின்றன. தழை தரும் மரம், பூவும் நெய்வித்தும் தரும் இலுப்பை, கடுக்காய் மரம் ஆகியவை நிலத்தைத் திருத்தும்போதும் வெட்டப்படாமல் விடப்பட்டன. உழவரின் தேர்வே காட்டின் இனக்கட்டமைப்பாயிற்று. மறுபுறம், மரத்தை ஆண்டுதோறும் மொட்டையாக்கினால் அது பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. விதை விழாத இடத்தில் இளங்கன்று தோன்றாது. முதுமரங்கள் மட்டும் எஞ்சி, ஒரு தலைமுறைக்குப்பின் அவையும் பட்டுப்போகும். நுனிக்கிளையை விட்டுவைத்தல், ஒரே மரத்தை ஓரிரண்டு ஆண்டுகள் ஓயவிடுதல், சில மரங்களை விதைக்காக ஒதுக்குதல் ஆகியவை கடைப்பிடிக்கப்படும் இடத்தில் மட்டுமே இம்முறை நிலைக்கத்தக்கது.

இதே ஊர்களில் கத்தி படாத நிலமும் உண்டு. 'தேவராய்' எனப்படும் கோயிற்காடுகளே அவை. வி. த. வர்தக், மாதவ் காட்கில் ஆகிய இரு அறிஞர்களும் 1970களில் இக்காடுகளை ஆராய்ந்து, அவற்றின் பாதுகாப்பை வலியுறுத்தினர். ஒரே மழை, ஒரே மண். ஆயினும் தேவராயில் உயர்ந்த பசுமை மாறா மரங்களும் தடித்த கொடிகளும், அடுத்துள்ள சரிவில் கிளை கழித்த கருமருதும் புல்லும் காணப்படுகின்றன. இடையில் உள்ள வேறுபாடு மனிதனின் வழக்கம் ஒன்றே. மாணவர்க்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது.

சட்டம் வந்தபோது

1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின்கீழ் தாணே, கொலாபா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் ஒதுக்குக் காடுகளாக வரையறுக்கப்பட்டபோது, இந்த வழக்கமே வழக்காயிற்று. வனத்துறையினரின் கண்ணில் கிளை வெட்டுதல் மரத்துக்குச் செய்யும் ஊறு. உழவரின் கண்ணில் அது இல்லையேல் நாற்று இல்லை. நாற்று இல்லையேல் நெல் இல்லை. நெல் இல்லையேல் நிலவரி செலுத்த வழியில்லை. மக்களின் முறையீடுகள் பெருகியதன் விளைவாக, பம்பாய் அரசு 1885இல் ஓர் வன ஆணையத்தை அமைத்தது. ஆணையம் 1887இல் அறிக்கை அளித்தது. ராப் தழை பற்றிய உரிமை, அதன்முன் வந்த முக்கியமான வினாக்களுள் ஒன்றாகும்.

இங்கு இரு தரப்பின் அச்சத்திலும் உண்மை இருந்தது. மும்பையின் விறகுத் தேவையும் கட்டுமரத் தேவையும் இருப்புப் பாதைத் தேவையும் காட்டை வேகமாகக் குறைத்துவந்த காலம் அது. ஆனால் மரத்தை அடியோடு வெட்டி விற்பதும், தழைக்காகக் கிளை கழிப்பதும் ஒரே குற்றமாகக் கருதப்பட்டால், காட்டைப் பேணுவதில் மிகுந்த அக்கறை கொண்டவரே காட்டுக்கு அந்நியராவர். தமக்கு நாளை உரிமை இருக்குமா என்று அறியாதவன் இன்று கிடைக்கும் கிளையை முழுவதும் வெட்டிவிடுவான். உரிமையின் உறுதிக்கும் மரத்தின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு, இன்றைய அலுவலரும் மறக்கலாகாத பாடம்.

கடலோரத்தில் ஒரு வரப்பு

மலைச்சரிவில் அரிவாள் செய்யும் பணியைக் கடலோரத்தில் வரப்பு செய்கிறது. கொங்கணின் கழிமுகங்களில் உழவர் மண்ணணை எழுப்பி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தைத் தடுத்து, மழைநீரால் உப்பைக் கழுவி, உவர் தாங்கும் நெல்லை விளைவிக்கின்றனர். கேரளத்தின் பொக்காளி நெல்லை அறிந்தோர்க்கு இது விளங்கும். பன்வேல் உவர்நில ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நிலத்துக்கு ஏற்ற நெல் வகைகளை வெளியிட்டுள்ளது. அணைகளைப் பேணுவதற்காக 1948இல் பம்பாய் உவர்நிலச் சட்டமும், 1979இல் மகாராஷ்டிர உவர்நில மேம்பாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டன.

அணையின் உட்புறம் நெல், வெளிப்புறம் அலையாத்தி. இரண்டையும் பிரிப்பது சில அடி அகலமுள்ள மண். ஊரார் கூடி ஆண்டுதோறும் நண்டு வளையை அடைத்து, உடைப்பைச் சரிசெய்யும்வரை இந்த எல்லை நிலைக்கிறது. ஆள்கள் நகர வேலைக்குச் சென்று, பராமரிப்பு நின்றுவிட்டால், கடல்நீர் உட்புகுந்து சில ஆண்டுகளில் வயலில் அலையாத்தி முளைக்கிறது. அலையாத்தி நன்மை தரும் தாவரமே. புயலைத் தணிப்பது, மீன்குஞ்சுக்கு இடம் தருவது. எனினும், உழவன் தன் வயலை இழந்ததன் அடையாளமாகவும் அது அங்கே நிற்கிறது. ஒரு பசுமை பெருகியதைப் பதிவு செய்யும் வரைபடம், எந்தத் தொழில் மறைந்ததால் அது பெருகியது என்பதைத் தானாகக் காட்டாது.

தமிழகத்தில் இதற்கு ஒப்பு

நமது மாநிலத்திலும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கயம் மாடுகள் மேயும் கொரங்காடுகள் கொங்கணுக்கு நேர்மாறான வறண்ட நிலத்தவை. முள்கிளுவையால் அமைந்த உயிர்வேலி, நடுவே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம் என்னும் மூன்றும் சேர்ந்ததே கொரங்காடு. வெள்வேலங்காயைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே அதன் விதை பரவி முளைக்கிறது. உழவர் கால்நடையை ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு மாற்றிப் புல்லுக்கு ஓய்வு தருகின்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, தானியம் விதைத்து, புல்லைப் புதுப்பிக்கின்றனர். வேலியைக் கழித்துவிடாமல் விட்டால் அது அடியில் சந்து விழுந்து பயனற்றுப்போகும். மாடு போனால் மேய்ச்சல் போகும். மேய்ச்சல் போனால் வேலியைப் பேணுவார் இலர். பின்னர் வீட்டுமனைக்கான கற்கள் ஊன்றப்படும். இங்கும், தாதரின் பனையைப் போலவே, தாவரத்தின் விதி தொழிலின் விதியோடு பிணைந்துள்ளது.

ஜப்பானில் நெல்வயலைச் சூழ்ந்த தழைக்காடுகளைச் 'சதொயாமா' என்பர். உரத்துக்குச் சருகு வாரியும் விறகுக்குக் கிளை வெட்டியும் பேணப்பட்ட அக்காடுகள், அத்தொழில் குன்றியபின் அடர்ந்து இருண்டன. ஒளி வேண்டிய பூஞ்செடிகள் அருகின. ஐரோப்பாவின் வைக்கோற் புல்வெளிகளும் ஆண்டுதோறும் அறுக்கப்படுவதாலேயே பல்வகை மலர்களோடு விளங்குகின்றன.

பரத்பூர் புகட்டிய பாடம்

வழக்கத்தை ஆராயாமல் தடுத்தால் நேர்வது என்ன என்பதை இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் நீர்ப்பறவை வனம் காட்டியது. மன்னர்களின் அணையாலும் மதகாலும் உருவான அச்சதுப்பு நிலத்தில் சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் நெடுங்காலமாக மேய்ந்துவந்தன. அது தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. ஊராருக்கும் காவல்துறைக்கும் மோதல் எழுந்து உயிர்கள் பலியாயின.

பறவைகளைக் காக்கும் நல்நோக்குடனேயே தடை விதிக்கப்பட்டது. எனினும் 1883இல் மும்பையில் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1980களில் அங்கு நடத்திய நீண்ட ஆய்வில் எதிர்பாராத விளைவைக் கண்டது. எருமை மேயாத நீர்ப்பரப்பில் பாஸ்பாலம் என்னும் புல் பாய்போல் அடர்ந்து படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு குறைந்து, மீனும் நீர்ப்பறவையும் இடர்ப்பட்டன. எருமை அந்நிலத்தின் கேடு என்று கருதப்பட்டது. உண்மையில் அது நிலத்தின் சமநிலையில் ஓர் உறுப்பு. பின்னர் ஊரார் உள்ளே சென்று புல்லறுக்க இசைவளிக்கப்பட்டது. மேய்ச்சல் எங்கும் நன்மையே பயக்கும் என்பது இதன் பொருளன்று. ஓரிடத்தில் வழக்கம் என்ன செய்கிறது என்பதை அளந்தறிந்த பின்னரே அதை நிறுத்துவதா, திருத்துவதா என்று முடிவு செய்யவேண்டும் என்பதே பொருள்.

இன்றைய மாற்றங்கள்

ராப் முறையை இன்று அப்படியே நிலைநிறுத்தவேண்டும் என்று கூறுவதற்கில்லை. இரசாயன உரம் வந்தபின் தழையின் தேவை குறைந்தது. கிளை வெட்டிச் சுமப்பது கடும் உழைப்பு. அதன் பெரும்பங்கு பெண்கள் தலையில் விழுவது. எரிப்பதால் புகையும் எழுகிறது. ராய்கட் மாவட்டத்தின் நேரல் பகுதியில் உருவான, நாற்றங்காலும் உழவும் தேவைப்படாத நேரடி விதைப்பு முறை உழவரிடையே பரவிவருகிறது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே.

எனினும், தழைக்குத் தேவை இல்லாதபோது சரிவில் மரம் நிற்பதற்கு என்ன காரணம் எஞ்சும் என்ற வினாவை வேளாண் விரிவாக்கப் பணியாளர் கேட்டாக வேண்டும். கிளை கழித்தல் நின்ற சில சரிவுகளில் மரங்கள் குடைவிரித்துக் காடு மீள்கிறது. வேறு சில சரிவுகளில் உண்ணிச்செடி புகுந்து புல்லை அழிக்கிறது. நகரை அண்டிய சரிவுகளிலோ கல்லுடைப்பும் ஓய்வில்லங்களும் நுழைகின்றன. மூன்றில் எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது மழையும் மண்ணும் மட்டுமல்ல. அந்நிலத்தின்மேல் யாருக்கு உரிமை, அதிலிருந்து யாருக்கு என்ன பயன் என்பவையும் ஆகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, நிலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 'தரிசு', 'சிதைந்த காடு' என்னும் தலைப்புகளில் அடங்குபவற்றை நேரில் கண்டு பகுத்தறிதல் வேண்டும். கிளை கழித்த கருமருதும் மாற்றி மேய்க்கும் புல்வெளியும் தரிசு அல்ல. கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் பார்த்தாலன்றி அவற்றின் தன்மை புலப்படாது.

இரண்டாவதாக, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ் உள்ளூர் அமைப்புகள் தயாரிக்கும் மக்கள் பதிவேடுகளில், செடியின் பெயரோடு அதனை வளர்க்கும் தொழிலும் பதிவுபெற வேண்டும். எப்பொழுது வெட்டுவர், எவ்வளவு விடுவர், யார் முடிவு செய்வர் என்ற செய்திகள் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன.

மூன்றாவதாக, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஊர்ச் சமூகத்துக்குக் காட்டைப் பயன்படுத்தும் உரிமையோடு அதனைப் பேணும் உரிமையையும் அளித்துள்ளது. கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா லேகா சிற்றூர் 2009இல் அவ்வுரிமையைப் பெற்று வழிகாட்டியது. உரிமையைப் பெறும் ஊர், வெட்டும் முறைக்கும் ஓய்வளிக்கும் காலத்துக்கும் தானே விதி வகுத்துக்கொள்ளுமாறு வனத்துறை தொழில்நுட்ப உதவி நல்கலாம்.

நான்காவதாக, ஒரு வழக்கத்தை நிறுத்தும் ஆணைக்கு முன்னர், சிறு பரப்பில் நிறுத்தியும் மறு பரப்பில் தொடரவிட்டும் சில ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பரத்பூரில் இது முன்னரே செய்யப்பட்டிருந்தால் உயிரிழப்பும் பகையும் தவிர்ந்திருக்கக்கூடும்.

ஐந்தாவதாக, சந்தை. காட்டுக்கீரையும் ஆத்தி இலையும் கொண்டுவரும் பெண்ணுக்கு நகரில் அமர ஓர் இடமும் நியாயமான விலையும் கிடைத்தால், அவற்றைத் தரும் வரப்பும் வேலியும் சரிவும் பேணப்பட ஒரு காரணம் இருக்கும். தேவை மிகுந்து ஆத்தி மரத்தையே மொட்டையடிக்கும் நிலை வாராமல், அளவறிந்து கொய்யும் ஒழுங்கும் உடன் வேண்டும்.

முடிவுரை

மாணவர் இக்கட்டுரையைப் படித்தபின் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. அருகிலுள்ள சந்தைக்குச் சென்று, பயிரிடப்படாத ஒரு கீரையையோ இலையையோ தேர்ந்து, அது எந்த நிலத்தில் பறிக்கப்பட்டது, அந்நிலத்தில் என்ன தொழில் நடைபெறுகிறது, பத்தாண்டுகளுக்குமுன் எவ்வளவு கிடைத்தது, இன்று எவ்வளவு கிடைக்கிறது என்று விற்பவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெரிய புள்ளிவிவர நூல்கள் தராத விடைகள் அங்கே கிடைக்கும்.

தாதர்ச் சந்தையில் நெற்கதிரும் செண்டுப்பூவும் மாவிலையும் ஒரே தோரணத்தில் கோக்கப்படுகின்றன. வயல், தோட்டம், மரம் ஆகிய மூன்றையும் அந்த நூல் இணைக்கிறது. ஊரிலே அவற்றை இணைப்பது உழவரின் உழைப்பு. நூல் அறுந்தபின் மலர்களைத் தனித்தனியே பாதுகாத்துத் தோரணம் செய்ய இயலாது. நிலத்தின் பசுமையைக் காக்க விழைவோர் முதலில் அந்த நூல் எது என்று கண்டறிதல் வேண்டும்.